எம்.எல்.ஏ. கால் நனைத்த குழி

எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். முன்கூடத்துத் தறியில் அப்போது ஒரு முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. புடவை கேட்டிருந்தவர்கள் வீட்டில் கல்யாணம் நெருங்கிவிட்டது. பின்கட்டுத் தறி சும்மா கிடந்தது. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தறிக்கு அடியில் கால் வைத்து மிதிக்கிற குழியில் கோடையிலும் தண்ணீர் ஊறியபடி இருந்ததுதான் காரணம்.

தேர்தல் அறிவித்ததுமே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். கவலைப்படுவதில் மட்டும் யாரும் என்னை முந்த முடியாது. காஞ்சிபுரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் டீக்கடையில் டீ ஆற்றுவார்கள். பிறகு யார் வீட்டுத் தறியிலாவது உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போன தேர்தலில் எங்கள் தறியில் உட்கார்ந்தவர் மிதித்த மிதியில் பட்டு இழைகள் சடசடவென அறுந்தன. அவர் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். நாங்கள் உட்கார்ந்து இழை முடிந்தோம். சாக்கடைக்காக மனு கொடுக்கப் போனபோதெல்லாம் அவர் சென்னையில் இருந்தார்.

இந்த முறையும் அவரே நின்றார். தெருமுனையில் மேளம் கேட்டது.

"ஏங்க, கதவ சாத்திக்கலாமா?"

"சாத்துனா எதிர்க்கட்சினு நெனச்சுக்குவாங்கடி," என்றார் வீட்டுக்காரர்.

அதற்குள் எம்.எல்.ஏ. கும்பிட்டபடி உள்ளே வந்துவிட்டார். நேராக முன்கூடத்துத் தறியைப் பார்த்தார்.

"போன தபா இதுலதானம்மா உக்காந்தேன். ராசியான தறி!"

இன்னும் முந்தானைகூட முடியாத புடவை. என் வாய் தானாகப் பேசியது.

"ஐயா, உள்ள ஒண்ணு இருக்குதுங்க. அது இத விட ராசிங்க."

ராசி என்ற சொல் வேலை செய்தது. பின்கட்டு இருட்டில் செல்போன் விளக்குகள் எரிந்தன. அவர் பலகையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டார். சளக் என்று ஒரு சத்தம். அப்போதுதான் எனக்குத் தண்ணீர் ஞாபகமே வந்தது.

அவர் சிரிப்பு கலையவில்லை. புருவம் மட்டும் மேலே போனது. வீடியோ ஓடிக்கொண்டிருந்ததே! முழங்கால்வரை சாக்கடைத் தண்ணீரில் இருந்தபடி கையசைத்தார்.

"ஜில்லுனு இருக்குதும்மா," என்றார்.

வெள்ளை வேட்டி பாதி கறுப்பாகிப் போனதைத் தெருவே பார்த்தது.

"எம்.எல்.ஏ.வ சாக்கடைல எறக்கிட்டியேடி," என்று வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். போலீஸ் வருமா, ரேஷன் கார்டைப் பிடுங்குவார்களா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் வாசலில் வண்டிச் சத்தம். போலீஸேதான் என்று நினைத்துக் கதவிடுக்கில் பார்த்தேன். சாக்கடை அள்ளுகிற வண்டி!

எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எத்தினி மனு எழுதனோம்! முன்னாடியே கால நனைச்சு வுட்டுருந்தா வேல முடிஞ்சிருக்கும் பாரு. இன்னொரு கட்சிக்காரன் வரான்ல, அவனையும் உக்கார வைமா. ரோடு போட்ருவான்."

அந்த இன்னொருவரும் வந்தார். விஷயம் தெரிந்திருக்க வேண்டும். படியேறாமல் வாசலிலேயே கும்பிட்டுவிட்டுப் போனார். முகூர்த்தப் புடவை இழை பிசகாமல் தறியிலிருந்து இறங்கியது. நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று கேட்காதீர்கள். சொல்ல இப்போதும் பயமாக இருக்கிறது.

பழையவரே ஜெயித்தார். நன்றி சொல்ல ஜீப்பில் வந்தவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஏம்மா, குழி காஞ்சிட்டுதா?"

"காஞ்சிட்டுதுங்க," என்றேன் மெதுவாக.

எதிர்வீட்டிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"மழ பேஞ்சதும் ஒரு தபா வந்து உக்காந்து பாத்துட்டுப் போப்பா!"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து, கட்டியிருந்த புது வேட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.