கலியாணசுந்தரம் காப்பாற்றிய கடவாய்ப்பல்

"பிடுங்குவதற்குக் குறடு போதும், டாக்டர் எதற்கு? இந்தக் கையால் காப்பாற்ற முடியாத பல் காஞ்சிபுரத்தில் இன்னும் முளைக்கவில்லை!"

பல் மருத்துவர் கலியாணசுந்தரம் இதை முழங்கியபோது அவர் தோளில் பொன்னாடை இருந்தது. வீடற்றவர்களுக்கு ஞாயிறுதோறும் பேருந்து நிலையத்தருகே இலவச வைத்தியம் பார்க்கிறார் என்று ஒரு சங்கம் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தது. பொன்னாடை பாலியெஸ்டர். பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவருக்கு அது தொட்டதுமே தெரிந்திருக்கும். கைதட்டல் அசலாக இருந்ததால் பெரிதுபடுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு, நடைபாதையில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் பொன்னியம்மாள் வந்து உட்கார்ந்தாள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாண மண்டபங்களில் எச்சில் இலை எடுப்பாள். முகூர்த்தம் இல்லாத நாளில் கோயில் அன்னதானம். படுக்கை, நிழற்குடையின் கீழ். இடது கீழ்க் கடவாய்ப்பல் பத்து நாளாக அவளைத் தூங்கவிடவில்லை.

"புடுங்கிடு சார். வேலைக்குப் போவணும்."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முகத்தில் பரவசம் வந்தது. "இவ்ளோ நல்ல வேரை வெச்சிக்கினு புடுங்கச் சொல்றியேம்மா! வேர் சிகிச்சை பண்ணிடலாம். நாலு வாட்டி கிளினிக்குக்கு வந்தா போதும்."

"நாலு வாட்டியா? நாளைக்கு எங்க படுப்பேன்னே எனக்குத் தெரியாது, நீ வேற."

பதினெட்டு வருடமாக அவரிடம் உதவியாளராக இருக்கும் இளவரசி, பஞ்சை எடுத்துவைத்தபடி சொன்னாள்: "அவங்களுக்கு வீடும் இல்ல, போனும் இல்ல. வரலன்னா எங்கன்னு போய்த் தேடுவீங்க? புடுங்கிவுடுங்க சார்."

"பணக்காரன்னா காப்பாத்துறது, ஏழைன்னா புடுங்குறதா? இது என்ன நியாயம்?"

இளவரசி பஞ்சு டப்பாவை மூடினாள். இதற்கு யாரிடமும் பதில் இருக்காது; அவ்வளவு உயர்ந்த கேள்வி. பொன்னியம்மாளின் பல்லுக்கு மட்டும் அந்த உயரம் எட்டவில்லை, அது தன்பாட்டுக்கு வலித்துக்கொண்டிருந்தது.

அன்றே அவளை ஆட்டோவில் கிளினிக்குக்கு அழைத்துப்போய்ப் பல்லைத் திறந்தார், மருந்து வைத்தார், தற்காலிகமாக அடைத்தார். அடுத்த ஞாயிறு பத்து மணி என்று அட்டை எழுதிக் கொடுத்தார். அட்டையில் 'முகவரி' என்ற இடத்தில் இளவரசி ஒரு கோடு இழுத்தாள்.

அந்த வாரம் திருவிழா. ஊரைச் சுத்தம் செய்தார்கள். குப்பை போயிற்று, கிழிந்த பேனர்கள் போயின, நிழற்குடையின் கீழ் படுத்திருந்த ஒன்பது பேரும் போனார்கள். ஊர் அத்தனை அழகாக இருந்தது.

ஞாயிறு பத்து மணி ஆனது. பன்னிரண்டும் ஆனது. நடைபாதையில் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது. டாக்டர் எழுந்து சாலையை எட்டிப் பார்த்தார். சிகிச்சை பாதியில் நின்ற பல்லை மூடி வைத்திருக்கிறார். உள்ளே சீழ் வைத்தால் வெளியேற வழி கிடையாது; வழியை அடைத்தவர் அவரேதான். வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கினால் மூச்சு அடைக்கும். இந்தக் கேள்விக்குக் கல்லூரியில் அவர் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்.

பேருந்து நிலையத்தில் குடை ரிப்பேர் செய்யும் வீராசாமி மட்டும் மிச்சமிருந்தார். "வேன்ல ஏத்திக்கினு போனாங்க சார். முசரவாக்கம் பக்கம் எறக்கிவுட்டாங்களாம். யாரு வேனு, என்னா ஏதுன்னு எவனுக்குத் தெரியும்? நான் கக்கூஸ்ல இருந்தேன், தப்பிச்சேன்."

திங்கட்கிழமை டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு முசரவாக்கம் போனார். டீக்கடைக்காரர் கேட்டார்: "ஆளு எப்படி சார் இருப்பாங்க?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். கீழ் வரிசையில் இடப்பக்கம் ஆறாவது பல், வெள்ளை அடைப்பு, பக்கத்துப் பல்லில் வெற்றிலைக் கறை. இவ்வளவும் துல்லியமாக நினைவிருந்தது. மூக்கு எப்படி, நெற்றி எப்படி, மாநிறமா கறுப்பா, ஒன்றும் வரவில்லை.

"வெள்ளையா அடைச்சிருப்பேன்... கடவாய்ல..."

"வர்றவங்க போறவங்க வாயையெல்லாம் பொளந்து பாக்கச் சொல்றியாப்பா?"

செவ்வாய் ஐயம்பேட்டை. ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்திலெல்லாம் கன்னம் வீங்கிய அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இரண்டு பேர் தங்கள் பல்லைக் காட்டினார்கள். டாக்டர் அதையும் நின்று பார்த்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. இளவரசி போனில் கேட்டாள்: "ஆஸ்பத்திரில விசாரிச்சீங்களா?" "விசாரிச்சேன்." "அங்க இல்லியா?" "இல்ல." அதற்குப் பிறகு கேட்கவேண்டிய இடத்தின் பெயரை இருவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை வாலாஜாபாத். சந்தையைச் சுற்றினார். அரிசி ஆலைச் சுவரோரம் இரண்டு முறை நடந்தார். மூன்றாவது முறை, சாக்குமேல் சுருண்டு கிடந்த ஒரு உருவம் அவர் கால்சட்டையைப் பிடித்தது.

"பல்லு டாக்டரு... ரெண்டு வாட்டி என்னைத் தாண்டிக்கினு போற."

குரல் வாய்க்குள்ளேயே உருண்டது. இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. டாக்டர் மண்ணில் மண்டியிட்டுத் தாடைக்கு அடியில் விரல் வைத்து அழுத்தினார். காய்ச்சல் கொதித்தது. கழுத்துக்கு இன்னும் இறங்கவில்லை.

"தண்ணி முழுங்க முடியுதாம்மா?"

"கொஞ்சம் கொஞ்சமா. கஞ்சிகூட நாலு நாளா இல்ல. மண்டபத்துல வேலை இருந்துச்சு, மூஞ்சைப் பாத்துட்டு வராதன்னுட்டாங்க."

ஆட்டோவில் அவர் வாய் ஓயாமல் ஓட்டுநரிடம் வேகமாகப் போகச் சொன்னார். பள்ளம் வந்தால் மெதுவாகப் போகச் சொன்னார். ஓட்டுநர் கடைசியில், "நீயே ஓட்டுறியா?" என்று கேட்டார்.

கிளினிக்கில் இளவரசி ஊசி மருந்தைத் தயாராக வைத்திருந்தாள். வேர் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பிகளையும் வழக்கப்படி தட்டில் அடுக்கியிருந்தாள். டாக்டர் அந்தத் தட்டை நகர்த்திவைத்தார். அடி டிராயரை இழுத்தார்; அது இரண்டு இழுப்புக்குப் பிறகுதான் வந்தது. உள்ளே குறடு இருந்தது.

மரத்துப்போகும்வரை காத்திருந்தார். பொன்னியம்மாளின் வாய் இரண்டு விரல் அளவுக்கே திறந்தது, அது போதுமாக இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பல் வந்தது, பின்னாலேயே சீழ் வந்தது. அவள் உடம்பு முழுக்கத் தளர்ந்து நாற்காலியில் அமிழ்ந்தது.

துப்பிவிட்டுக் கேட்டாள்: "இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாம் இல்ல?"

"செஞ்சிருக்கலாம்மா," என்றார் கலியாணசுந்தரம். பஞ்சை மடித்து அவள் வாயில் வைத்தார். "கடிச்சிக்கோ."