பரிசோதனை என்று காதில் விழுந்தது

அவள் அப்பா வழியில் எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில். பெரிய அத்தை கூடப்பிறந்த தம்பியோடு பேசாமலே செத்துப்போனாள். இவளும் அந்த ரத்தம்தான். இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் வெல்டிங் வேலை. அங்கே அவளுக்குப் பெயரே ‘பொறி’. கையில் பறப்பதும் அது, வாயில் பறப்பதும் அது.

கன்னத்தில் சிவப்புத் தடிப்பு வந்தபோது வெல்டிங் வெளிச்சம் சுட்டுவிட்டது என்றார்கள். விரல் மூட்டு வீங்கியபோது வேலைக்கு டிமிக்கி என்றார்கள். சிறுநீரகம் வரை போன பிறகுதான் அது லூபஸ் என்று தெரிந்தது. காவலுக்கு இருக்கிற அணுக்களே சொந்த உடம்பை அடிக்கும் நோய் என்று டாக்டரம்மா விளக்கினார்.

“எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க” என்றாள் பொறி.

மாத்திரை முகத்தை ஊதவைத்ததே தவிர நோயை அசைக்கவில்லை. ஊசியும் அப்படியே. கடைசியில் டாக்டரம்மா ஒரு புது வழி சொன்னார். அவள் ரத்தத்திலிருந்தே சில அணுக்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மாற்றியமைத்து, திரும்ப ஏற்றுவார்கள். நோயைக் கிளப்பிவிடும் அணுக்களை அவை தேடிப்பிடித்து அழிக்கும். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, உயிருக்கே ஆபத்தும் வரலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. இடம் கிடைத்தால் போன் வரும் என்றார். பொறி போனும் கையுமாகவே இருந்தாள்.

அது வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எடுத்தார். ‘பரிசோதனைச் சிகிச்சை’ என்று அந்தப் பக்கம் ஆரம்பித்ததுமே அவருக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை என்று தங்கையோடு அலைந்து அலுத்த மனுஷன். இனி கொடுக்க அவள் உடம்பில் ரத்தம் இல்லை, வர மாட்டாள் என்று சொல்லி வைத்துவிட்டார். அவளிடம் மூச்சுவிடவில்லை.

ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று அடுத்த தடவை டாக்டரம்மா கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. இன்னொருவரைக் கூப்பிட்டிருந்தார்கள், அவருக்குக் காய்ச்சல் வந்து தள்ளிப்போனதால் இடம் காலியாகத்தான் இருந்தது. பொறி அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

“டெஸ்ட்டுன்னு நினைச்சுட்டேன்மா” என்றார் அண்ணன்.

“டெஸ்ட்டாவே இருக்கட்டும். என் ரத்தம்தானே? கொடுக்கறதா வேண்டாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”



அணுக்களை ஏற்றியதும் காய்ச்சல் கொதித்தது. இந்தச் சிகிச்சையில் புத்தி தடுமாறலாம் என்பதால் நர்ஸ் தினமும் அவளை ஒரு வரி எழுதச் சொல்வாள். பொறி தினமும் எழுதியது ஒரே வரி: ‘என் போனை நான்தான் எடுப்பேன்.’ எழுத்து கோணிப்போன நாளிலும் அதேதான்.

“இவ்வளவு கோபம் இருக்கே, மூளைக்கு ஒண்ணும் ஆகலை” என்று நர்ஸ் சிரித்தாள்.

நோய் போகுமா என்று யாருக்கும் இன்னும் தெரியவில்லை. அண்ணன் முகமூடியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அவர் கை நீண்டு, பாதியில் நின்றது. பொறியே எடுத்தாள். பட்டறை முதலாளி, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்.

“இருக்கேன்” என்றாள், அண்ணனை முறைத்தபடி. “கோபமா இருக்கேன்.”