எங்கள் ஊரின் ஒரேயொரு சைவ மாணவி

மாமரக் கிளையில் கம்பி கட்டித் தொங்கவிட்ட உழவு மெசினின் பழைய இரும்புத் தட்டுதான் எங்கள் பாடசாலையின் மணி. கடைசி அடி விழுந்த பிறகும் அது வெகுநேரம் தேன்கூடு கலைந்தாற்போல இரைந்துகொண்டிருக்கும். மூன்றாம் பாடத்துக்கு அடிக்கும்போது மட்டும் அந்த இரைச்சல் அடங்குவதற்குள் யோகேஸ்வரி தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே போய்விடுவாள், ஏனென்றால் மூன்றாம் பாடம் சமயம். நாங்கள் அத்தனை பேரும் மௌலவி சேரிடம் இஸ்லாம் படிக்க, அவள் மாமரத்தடியில் தனியே உட்கார்ந்து கணக்குச் செய்வாள்.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் கரையைச் சூறாவளி அடித்துப் போட்டதற்கு அடுத்த வருடத்தில் நடந்த கதை இது. கல்முனையிலிருந்து தெற்கே கடலோர வீதியில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு ஊரில் கோயில் மணி கேட்டால் அடுத்த ஊரில் பாங்கு கேட்கும். காரைதீவில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவார்கள், அதைத் தாண்டி நிந்தவூருக்குள் நுழைந்தால் பள்ளிவாசல் மினாரா தெரியும். வடக்கே போனாலும் அப்படித்தான், பாண்டிருப்புக் கோயிலைத் தாண்டினால் மருதமுனை முஸ்லிம்களின் தறிச் சத்தம். கல்முனைப் பட்டணத்திலோ எல்லாரும் ஒரே கடைத் தெருவில் தோளோடு தோள் உரசுவார்கள். அங்கே படித்த என் மாமா மகள், தன் வகுப்பு சமயப் பாட நேரத்தில் நாலாகப் பிரியும் என்பாள். இஸ்லாம் ஒரு அறை, சைவம் ஒரு அறை, கத்தோலிக்கம் ஒரு அறை, மெதடிஸ்த வேதக்காரருக்கு விறாந்தை; பறங்கி வீட்டுப் பிள்ளைகள்கூட இரண்டு பேர் இருந்தார்களாம். மேற்கே சிங்களக் குடியேற்றப் பக்கம் போனால் விகாரைகள். ஆனால் இவற்றுக்கு நடுவே, சம்மாந்துறைக்கும் அப்பால் வயலுக்குள் கிடந்த எங்களைப் போன்ற ஊர்களுக்கு அந்தக் கலவை வந்து சேரவில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் முஸ்லிம்கள், எல்லாரும் வெள்ளாமை செய்பவர்கள். அரசாங்க மருந்துச்சாலையின் "அப்போதிக்கரி ஐயா" குடும்பம் மட்டும் சைவம்.

அவர்கள் தம்பிலுவிலைச் சேர்ந்தவர்கள். டொக்டர் இல்லாத ஊரில் அப்போதிக்கரிதான் டொக்டர். சூறாவளியன்று தன் குவாட்டர்ஸின் கூரை பறந்துபோனதைத் திரும்பியும் பாராமல், கை கால் முறிந்து வந்த சனங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஓடு விழுந்து மண்டை பிளந்த என் சாச்சா பிழைத்தது அந்தக் கைகளால்தான். அவருடைய ஒரே மகள் யோகேஸ்வரி. என் வகுப்பில் எப்போதும் அவள் முதலாம் பிள்ளை, நான் இரண்டாம் பிள்ளை.

அந்த வருட முதலாம் தவணைப் பரீட்சையில்தான் வில்லங்கம் வந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து சமயப் புள்ளியையும் கூட்டுவது என்று புதிதாக முடிவெடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் சமய வினாத்தாள் வந்தது, யோகேஸ்வரிக்கு வரவில்லை. படிப்பிக்க ஆள் இல்லாத பாடத்துக்கு எப்படித் தாள் அடிப்பது என்று அதிபரான பெரிய சேர் தலையைச் சொறிந்தார். நாங்கள் எழுதி முடிக்கும்வரை அவள் வெறும் மேசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். புள்ளி கூட்டியபோது நான் முதலாம் பிள்ளையாகிவிட்டேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா எங்கள் வயல் வட்டையின் "வட்டவிதானை", அதாவது எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பார்க்கிறவர். முறை தவறித் தண்ணீர் பாய்ச்சுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"அப்போதிக்கரி ஐயாட மகளுக்கு என்ன நடந்த?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அவள் எழுதாத பரீட்சையிலயா மகள் நீ முதலாம் ஆள்?" என்றார் வாப்பா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் எனக்கு அந்த முதலாமிடம் இனிக்கவில்லை.

அடுத்த கிழமை இன்னொரு செய்தி வந்தது. யோகேஸ்வரியின் அம்மா மகளைத் தம்பிலுவிலுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார், அப்போதிக்கரி ஐயாவும் மாற்றம் கேட்கப் போகிறார் என்று ஊரெல்லாம் கதை. என் உம்மா ஒரு பெட்டி முட்டையைத் தூக்கிக்கொண்டு விசாரிக்கப் போனார், நானும் பின்னால் போனேன்.

"உங்கள்ள எனக்கு ஒரு மனக்குறையும் இல்ல கா," என்றார் யோகேஸ்வரியின் அம்மா. "ஆனா என்ட புள்ளைக்கு இஞ்ச சமயமும் இல்ல, தாளும் இல்ல. எனக்குத் தெரிஞ்சது விளக்கு வைக்கிறதும் தேவாரம் பாடுறதும்தான். புத்தகத்தில இரிக்கிறதச் சொல்லிக் குடுக்க நான் அவ்வளவு படிக்கல்ல. பெரிய சோதினைக்குள்ள நான் அவளை ஊருக்குக் கொண்டு போகத்தானே வேணும்."

உம்மா முட்டைப் பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வாப்பாவும் இன்னும் சிலரும் கல்முனைக்குப் போய்க் கல்விக் கந்தோர் அதிகாரிகளிடம் ஒரு சைவ ஆசிரியர் வேண்டுமென்று கேட்டார்கள். முஸ்லிம் ஊரிலிருந்து தொப்பி போட்ட விவசாயிகள் வந்து சைவ வாத்தியார் கேட்டது அங்கிருந்தவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்க வேண்டும். தேநீர் கொடுத்து உபசரித்தார்கள், ஆனால் ஒரு பிள்ளைக்காக ஒரு ஆசிரியரை அனுப்ப வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் இதே கதை. வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் பின்னேரங்களில் யோகேஸ்வரியோடு உட்கார்ந்து அவளுடைய புத்தகத்தைப் படித்துக் கேள்வி கேட்டால் என்ன, அந்தக் கேள்விகளைக் கொண்டு பெரிய சேர் தாள் தயாரித்தால் என்ன என்று வாப்பா கேட்டிருக்கிறார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்களில் ஒருவரான நெல் லொறி முதலாளி எழும்பி, "நம்மட புள்ளைகள் சைவம் படிக்கிறதா? நல்லாயிரிக்கி," என்றாராம். பிறகு மௌலவி சேர்தான் சொன்னாராம்:

"அயலவருக்குச் செய்ய வேண்டிய ஹக்கை நாம செய்யல்லெண்டா மறுமையில கேள்வி இரிக்கி. ஒரு புள்ளைக்குப் படிக்கத் துணை இருந்தா நம்மட ஈமான் எங்கயும் போயிடாது. புள்ளைகள் படிக்கட்டும், நான் பாத்துக்கிறன்."

வாப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் என் தோழி சல்மாவின் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

இப்படித்தான் மருந்துச்சாலைக்குப் பின்னாலிருந்த நாவல் மரத்தடியில், கார்போலிக் மணத்துக்கு நடுவே, நாங்கள் மூன்று பேரும் சைவசமயம் படிக்கத் தொடங்கினோம். கேள்வி கேட்பது எங்கள் வேலை. ஆனால் எங்களுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை, விளங்காமல் எப்படிக் கேள்வி கேட்பது? ஆகவே யோகேஸ்வரி முதலில் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதாயிற்று. பதி, பசு, பாசம் என்று அவள் வாசித்தபோது சல்மா, "பசுவெண்டா மாடுதானே, இஞ்ச ஏன் மாடு வந்த?" என்றாள். அது உயிரைக் குறிக்கும் என்று விளக்க யோகேஸ்வரிக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ஐந்தொழிலை மறக்காமலிருக்க நிலத்தில் ஐந்து கட்டம் கீறி, படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று கெந்தி விளையாடினோம். மருந்து எடுக்க வந்த கிழவிகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சைவப் பிள்ளைகள் தங்களுக்குள் கேட்கவே மாட்டாத கேள்விகளையெல்லாம் நாங்கள் கேட்டோம். பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்கு அவை தோன்றா. எங்களுக்கோ எல்லாமே புதிது. திருநீறு ஏன், கொடிமரம் ஏன், தேங்காய் உடைப்பது ஏன். பதில் தெரியாவிட்டால் அவள் அம்மாவிடம் ஓடுவாள், அம்மாவுக்கும் தெரியாவிட்டால் விடுமுறைக்குத் தம்பிலுவில் போகும்போது கோயிலில் கேட்டு வருவாள். சல்மா ஒருநாள், "எங்களுக்கும் அல்லாஹ் ஒருத்தன். உங்களுக்கும் கடவுள் ஒண்டுதான் எண்டு புத்தகத்தில இரிக்கி. அப்ப ஏன் இத்தனை கோயில், இத்தனை பேர்?" என்று கேட்டாள். யோகேஸ்வரி புத்தகத்திலிருந்த பதிலைச் சொன்னாள். சல்மா தலையாட்ட மறுத்துவிட்டாள். அந்தக் கேள்வி எங்களுக்குள் பல கிழமை கிடந்தது. கடைசியில் ஒருநாள் யோகேஸ்வரி சொன்ன பதிலைக் கேட்டுச் சல்மா, "இப்ப வெளங்குது," என்றாள்.

இரண்டாம் தவணையில் யோகேஸ்வரிக்குத் தாள் கிடைத்தது, நான் என் பழைய இரண்டாமிடத்துக்குச் சந்தோஷமாகப் போனேன். ஆனாலும் அவளுடைய அம்மாவின் மனம் ஆறவில்லை. கூட்டாளிப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவது ஒரு படிப்பா என்று அவருக்கு ஐயம். அந்த நேரத்தில்தான் தம்பிலுவிலுக்குப் பக்கத்து ஊரான திருக்கோவிலில் மாவட்டப் பாடசாலைகளுக்கு ஒரு சைவசமய அறிவுப் போட்டி என்று அறிவித்தல் வந்தது. எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்பியதில் எங்களுக்கும் ஒன்று வந்துவிட்டது. பெரிய சேர் அதை மடித்து எறியாமல் யோகேஸ்வரியின் பெயரைக் கொடுத்துவிட்டார்.

"அங்க சைவப் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு நடுவில இவள் தலை குனியாம நிண்டா, நாங்க இந்த ஊரிலயே இருப்பம்," என்றார் அவளுடைய அம்மா. "இல்லாட்டி தை மாசத்தோட போறதுதான்."

போட்டி நாளன்று பஸ்ஸை நம்பிப் போகக் கூடாது என்று லொறி கொடுத்தது யார் தெரியுமா? அந்த மரைக்கார்தான். "நம்மட ஸ்கூல் பேர் போகுதெல்லோ, நானும் வாறன்," என்று முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் நெல் சாக்கு விரித்து நாங்கள், யோகேஸ்வரியின் அம்மா, உம்மாமார், மௌலவி சேர், வாப்பா, ஒரு கூட்டமே போனது. காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கோயிலும் பள்ளியுமாக ஊர்கள் பின்னால் ஓட, யோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபடி வந்தாள்.

திருக்கோவிலில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபம். எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, பின்வரிசையில் அடக்கமாக உட்கார்ந்தார்கள். வாசல் மேசையில் இருந்தவர் யோகேஸ்வரியிடம் எந்தப் பாடசாலை என்று கேட்டார். அவள் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார்.

"முஸ்லிம் வித்தியாலயமா?"

"ஓம் ஐயா," என்றாள் யோகேஸ்வரி.

பெரிய பாடசாலைகளிலிருந்து பட்டுப் பாவாடையும் பூவுமாகப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்கள் மடமடவென்று ஒப்புவித்தார்கள். ஆனால் நடுவர்கள் "ஏன்" என்று கேட்கத் தொடங்கியதும் ஒவ்வொருவராகத் தடுமாறினார்கள். யோகேஸ்வரி தடுமாறவில்லை. அந்த "ஏன்"களையெல்லாம் அவள் நாவல் மரத்தடியில் தாண்டி வந்தவள். கடைசியில் இரண்டு பேர்தான் மேடையில் மிஞ்சினார்கள். நடுவில் இருந்த பெரியவர் கேட்டார்:

"கடவுள் ஒருவரே என்றால், ஏன் இத்தனை கோயில்களும் இத்தனை பெயர்களும்?"

சல்மா என் தொடையைக் கிள்ளினாள். மற்றப் பிள்ளை புத்தகத்திலிருந்ததைச் சொன்னாள். யோகேஸ்வரியின் முறை வந்தது.

"எங்கட ஊர் வட்டைக்கு ஒரே குளத்துத் தண்ணிதான் வருது ஐயா," என்றாள். "மேட்டு வயலுக்கு ஒரு வாய்க்கால், பள்ள வயலுக்கு ஒரு வாய்க்கால். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு பேர். வயலுக்கு ஏத்த மாதிரித்தான் வாய்க்கால் வெட்டுறது. தண்ணி ஒண்டுதான்."

அந்தப் பெரியவரே முதலில் கைதட்டினார். ஒலிபெருக்கியில் முடிவை வாசித்தவர் முதலிடம் என்று சொல்லிப் பாடசாலையின் பெயரில் ஒருதரம் நின்று, சரிதானா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டு, மறுபடியும் உரக்க வாசித்தார். முஸ்லிம் வித்தியாலயம் என்ற சொல் அந்தக் கோயில் வீதியெங்கும் கேட்டது. பின்வரிசை முழுக்க எழும்பி நின்றது. முன்வரிசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்து எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். எழும்பாமல் இருந்தவர் யோகேஸ்வரியின் அம்மா ஒருவர்தான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவரை உம்மா தோளோடு அணைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அக்கரைப்பற்றுத் தேநீர்க் கடையில் லொறியை நிறுத்தினோம். எங்கே போய் வருகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்க, மரைக்கார் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "சைவசமயப் போட்டிக்கு. நாங்கதான் முதலாவது." கடைக்காரர் தேநீர் ஆற்றிய கையை அப்படியே நிறுத்திவிட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லும் வேலையை மௌலவி சேர் எடுத்துக்கொண்டார்.

அப்போதிக்கரி ஐயா மாற்றம் கேட்கவில்லை. அடுத்த வருடம், யாரும் எதிர்பாராத நேரத்தில், கல்விக் கந்தோர் எங்களுக்கு ஒரு சைவ ஆசிரியரை அனுப்பியது. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவும் படிப்பித்தது யார் என்று வந்த அன்றே அவர் கேட்டார். யோகேஸ்வரி எங்களைக் காட்டினாள், நாங்கள் அவளைக் காட்டினோம்.

எண்பதுகளின் நடுவில் சண்டை மூண்டு வீதிகளில் போய்வரப் பயமானபோது அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். ஊரே லொறியைச் சுற்றி நின்று அழுதது. அவள் பிறகு தாதியாகி மட்டக்களப்பில் குடியேறினாள், இன்றும் தொலைபேசியில் கதைக்கிறோம். எங்கள் ஊரில் இப்போது பெரிய வைத்தியசாலை இருக்கிறது, நாவல் மரம் இல்லை, வேறு சமயத்துக் குடும்பம் ஒன்றுகூட இல்லை. கல்முனையிலும் பிள்ளைகள் பெரும்பாலும் அவரவர் பாடசாலைகளுக்கே போகிறார்கள்.

நான் கல்முனையில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். சில நாட்களுக்கு முன் என்னோடு வேலை செய்யும் பாண்டிருப்புத் தங்கச்சியின் மகள் பாடசாலை விட்டு வந்து பக்கத்து மேசையில் சமயம் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். மும்மலம், ஆணவம், கன்மம் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, மூன்றாவது வராமல் நின்றாள். தாயும் யோசித்தாள்.

"மாயை," என்றேன் நான், வேலையிலிருந்து தலையை எடுக்காமல்.

இருவரும் என் முக்காட்டையே பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க எங்க படிச்ச?"

"எங்கட ஊர் முஸ்லிம் வித்தியாலயத்தில," என்றேன். "சைவசமயத்தில நாங்க மாவட்டத்திலயே முதலாமிடம்."