இறங்கத் தெரிந்த வண்டி

மோங்குத் துறைமுகத்தில் சைக்கிள் பழுது பார்க்கும் முயுண்டா, தன் கையை விட்டுப் போன வண்டி எதுவும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்பான். பிறகு யாரும் கேட்காமலே, "ஒண்ணைத் தவிர" என்று சேர்த்துக்கொள்வான். அந்த ஒன்றைப் பற்றிப் பேசும்போதுதான் அவன் குரலில் பெருமை கூடுதலாக இருக்கும்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், அவிழ்த்துப் பூட்டி, பூட்டி அவிழ்த்துத் தொழில் கற்றவன் அவன். பழுது பார்த்த சைக்கிளை உடனே கொடுத்துவிட மாட்டான். மீன் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் ஆழ மணலில் தானே ஒரு சுற்று மிதிப்பான். சங்கிலி ஒரு முறை கடகடத்தாலும் போயிற்று, முழுவதையும் மறுபடி பிரித்துப் போடுவான். "அண்ணே, நான் வீட்டுக்குத்தான் போகணும், பந்தயத்துக்கு இல்ல" என்று காத்திருப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான்.

அவன் கடைக்கு எதிரே கருவாடு விற்பவள் மொண்டே. அவள் மகள் லிசெலிக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் குச்சி போல, உடம்பைத் தாங்காதவை. சிறு வயதில் தாயின் முதுகில் துணியால் கட்டப்பட்டுப் போனாள். முதுகு தாங்காத அளவுக்கு வளர்ந்ததும் கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்தாள். வெயில் காலத்தில் மணல் முழங்காலைச் சுடும் என்று பழைய டயரை வெட்டிக் கட்டிக்கொடுத்தது முயுண்டாதான்.

பள்ளிக்கூடம் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தவழ்ந்து போகிற தூரமில்லை. தலைமையாசிரியர் நல்லவர். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது இடம் தருகிறேன், ஆனால் பிள்ளை தானாக வந்து தானாகப் போக வேண்டும், தூக்கி இறக்க இங்கே ஆள் கிடையாது என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட அன்று மொண்டே கருவாட்டைக் கட்டி வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். முயுண்டா எழுந்து போய், பின்கட்டில் கிடந்த இரும்புக் குழாய்களை வெளியே இழுத்துப் போட்டான்.

மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கரங்கள் பின்னால், சைக்கிள் சக்கரம் ஒன்று முன்னால். கால் மிதிக்க வேண்டியதை மார்புக்கு நேரே கொண்டுவந்து, கையால் சுற்றும்படி சங்கிலி கோத்தான். மணலில் புதையாமல் இருக்க டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தான். முடிந்ததும் தன் கால்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் தானே ஓட்டிப் பார்த்தான். இத்தனை வருடம் மனிதர்களின் முழங்காலையே பார்த்து வளர்ந்த பிள்ளை இனி முகங்களைப் பார்க்கட்டும் என்று இருக்கையை நல்ல உயரத்தில் வைத்திருந்தான். அந்த உயரத்தில்தான் அவனுக்கு மிகுந்த பெருமை. லிசெலி ஏறி உட்கார்ந்த அன்று துறைமுகத்துப் பெண்கள் குலவையிட்டார்கள்.

ஒரு வாரம் ஆவதற்குள் வண்டி திரும்பி வந்தது. லிசெலி மேலே உட்கார்ந்திருக்க, மொண்டே ஒரு கையால் தன் இடுப்பைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்ன முயுண்டா, திரும்பி வராத வண்டி வந்து நிக்குது? பசிச்சிருக்குமோ?" என்றான் மூட்டை தூக்கும் நாவா.

சக்கரத்தில் குறையில்லை, சங்கிலியிலும் இல்லை. குறை வழியில் இருந்தது. வழியெல்லாம் பெரியவர்கள் வருவார்கள். பெரியவர்களைக் கண்டால் தரையில் தாழ்ந்து உட்கார்ந்து, மெல்லக் கை தட்டி வணங்க வேண்டும். லிசெலியோ அவர்கள் தலைக்கு மேலே இருந்தாள். "இரும்மா, நீ இறங்க வேணாம்" என்று எல்லோரும் சொல்லத்தான் செய்தார்கள். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு பெரியவருக்கும் தாயை இறக்கிவிடச் சொல்லி, வணங்கி, மறுபடி ஏற்றிவிடச் சொன்னாள். முன்பு ஒரே தடவையாகச் சுமந்த பிள்ளையை மொண்டே இப்போது பத்து தடவை தூக்கினாள்.

"பெரியவங்களே வேணாம்னு சொல்றப்ப உனக்கென்ன பிடிவாதம்?" என்று முயுண்டா சற்றுக் கோபமாகவே கேட்டான்.

"கைக்குழந்தைக்கும் புத்தி கெட்டவங்களுக்கும்தான் மாமா அப்படிச் சொல்லுவாங்க" என்றாள் லிசெலி. "தரையில தவழ்ந்தப்ப நான் கை தட்டினா பதிலுக்கு அவங்களும் தட்டினாங்க. இப்ப உசரத்துல வெச்சு என்னைக் கும்பிடாத ஆளா ஆக்கிட்டீங்க."

ஓடுவதைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறோம், இறங்குவதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது முயுண்டாவுக்கு உறைத்தது. ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டுமென்றால், பள்ளிக்கூட வாசலிலும் அதே கதைதான்.

படி வைத்துப் பார்த்தான். அவள் ஏறும்போது வண்டி சாய்ந்தது. கயிறு தொங்கவிட்டான். அவள் கயிற்றில் ஆடிக்கொண்டு தொங்கினாள். மழை தொடங்கிவிட்டது, ஜனவரி நெருங்கியது. அவன் கடுகடுவென்று இருந்தான். வந்த சைக்கிள்களையெல்லாம் நாளைக்கு என்று திருப்பி அனுப்பினான்.

அப்படி ஒரு நாள் கரையில் நின்றுகொண்டிருந்தபோது, லிசெலி தன் சித்தப்பாவின் தோணியில் ஏறுவதைப் பார்த்தான். தவழ்ந்து போய்த் தோணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் விளிம்பில் ஊன்றினாள். ஒரு எம்பு. விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் கையால் எடுத்து உள்ளே போட்டுக்கொண்டாள். யாரும் உதவவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் அவள் அப்படித்தான் ஏறுகிறாள். எதிர்க்கடையிலேயே இருந்தும் அவன் அதைக் கவனித்ததில்லை.

ஒரு கயிறு எடுத்துப் போய்த் தரைக்கும் தோணி விளிம்புக்கும் உள்ள உயரத்தை அளந்து முடிச்சுப் போட்டான். வண்டியை அறுத்தான். இருக்கையைப் பின்சக்கரங்களுக்கு முன்னால், அந்த முடிச்சின் உயரத்துக்கு இறக்கினான். உடைந்த தோணி ஒன்றின் விளிம்புப் பலகையையே பக்கத்தில் பொருத்தினான், அவள் கைக்குப் பழகிய மரமாக இருக்கட்டுமென்று. ஏறி இறங்கும்போது நகராமலிருக்கச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கட்டையும் வைத்தான். பாரம் முன்னால் வந்ததால் முன்சக்கரம் மணலை இன்னும் நன்றாகக் கவ்வியது. அதையும் திட்டமிட்டே செய்ததாக இப்போது சொல்கிறான். அப்போது அவனே ஆச்சரியப்பட்டதை நாவா பார்த்திருக்கிறான்.

"உசரம் போயிடுச்சேம்மா" என்றான் லிசெலியிடம், மனசில்லாமல்.

"போகட்டும் மாமா. எல்லாரும் என்னை அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிச்சுப் போனாங்க."

பள்ளி திறந்த அன்று, கூட வரக் கூடாது என்று தாய்க்கு அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மொண்டே கருவாட்டின் முன் உட்கார்ந்து, ஒரே மீனைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். முயுண்டாவிடம் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கடையைச் சாத்திவிட்டு, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, தள்ளியே நடந்தான்.

மணல்மேட்டின் உச்சியில் ஊர்த்தலைவர் சிடாலி எதிரே வந்தார். தள்ளாத வயது, கையில் கோல். லிசெலி வண்டியை நிறுத்திக் கட்டையை இறுக்கினாள். கிழவர், வேண்டாமென்று சொல்லக் கையைத் தூக்குவதற்குள் அவள் பலகையைப் பற்றிச் சறுக்கி மணலில் உட்கார்ந்துவிட்டாள். கை தட்டினாள். அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கோலை ஊன்றி மெல்லத் தாமும் தாழ்ந்து உட்கார்ந்து பதிலுக்குத் தட்டினார். வீட்டைக் கேட்டார், மழையைக் கேட்டார், மீன் வரத்தைக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் முறையாகப் பதில் சொன்னாள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, கைகளை ஊன்றி, ஒரு எம்பில் மேலே இருந்தாள்.

கிழவரால் எழ முடியவில்லை. கோலை ஊன்ற ஊன்ற அது மணலுக்குள் இறங்கியது. முயுண்டா ஒரு எட்டு முன்னால் வைத்து, நின்றுகொண்டான்.

"தாத்தா, கையைப் பிடிச்சுக்குங்க" என்றாள் லிசெலி, வண்டியிலிருந்து சாய்ந்து.

"நீ இழுத்துடுவியா?"

"தவழ்ந்த கை தாத்தா. சும்மா பிடிங்க."

ஒரே இழுப்பில் அவர் நின்றுவிட்டார். அவள் கட்டையைத் தளர்த்தி, கையால் சுற்றி, சரிவில் இறங்கிப் போனாள். பள்ளி வாசலுக்குள் அவள் திரும்பி மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"யார் செஞ்ச வண்டி இது?" என்று கேட்டார் சிடாலி.

"நான்தான் ஐயா." அப்போதுதான் தான் இன்னும் வணங்கவில்லை என்பது நினைவுக்கு வர, முயுண்டா சட்டென்று மணலில் உட்கார்ந்து கை தட்டினான்.

கிழவர் இம்முறை கீழே உட்காரவில்லை. நின்றபடியே கை தட்டினார்.

"மன்னிச்சுக்கப்பா. கை கொடுக்கிற ஆள் பள்ளிக்கூடம் போயிருக்கு."