குரல் மட்டும் வரவில்லை

போன மாதம் ஒரு சாயங்காலம். ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஆபீஸ் என்பது சங்கரன்கோவில் வீட்டு மாடியில் ஒரு மேஜையும் ஒரு லேப்டாப்பும்தான். யாரோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல செய்தி மேய்ந்துகொண்டிருந்தேன்.

ஒரு செய்தி கண்ணில் பட்டது. 'நெட்வொர்க் சரியில்லை' என்று மீட்டிங்கில் ஒரு பொய்யைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

புத்தகங்களை வாசித்துக் காட்டும் ஒரு ஆப் உண்டு. அதைச் செய்த கம்பெனி இத்தனை வருடமாகத் தன் சோர்ஸ் கோடை வெளியாள் யாருக்கும் காட்டியதில்லை. சோர்ஸ் கோட் என்றால் பயப்பட வேண்டாம்... ஒரு சாப்ட்வேர் என்ன செய்ய வேண்டும் என்று எஞ்சினியர்கள் எழுதிவைத்த வரிகள், அவ்வளவுதான். அது கையில் கிடைத்தால் யாரும் ரிப்பேர் பார்க்கலாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அதை இப்போது எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்களாம். 'ஓப்பன் சோர்ஸ்' என்பது இதைத்தான். 'இனி இது உங்களுடையது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அடுத்த தெருவில் இருக்கும் கோமதி வீட்டுக்கு ஓடினேன்.

"என்னட்டி, இப்படி மூச்சு வாங்க வார?"

"ஏட்டி, அவ திரும்பி வரப்போறா!"

கோமதி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

கோமதி என்னோடு பள்ளியில் படித்தவள். கல்லூரி முடிக்கும் சமயத்தில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. அழுதாள், பிறகு படித்தாள், இப்போது மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு டீச்சர். தினமும் பஸ். பஸ்ஸில் காதில் இயர்போன். அந்த இயர்போனுக்குள் இருந்தவள்தான் 'அவ'.

அந்த ஆப்பில் இருந்த தமிழ்ப் பெண்குரல். இன்டர்நெட் இல்லாமலே வாசிக்கும். 'ழ' சுத்தமாக வரும். கேள்விக்குறி வந்தால் குரல் லேசாக மேலே போகும்.

வேறு குரல்களே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. போனில் மெசேஜ் வந்தால் சொல்ல, நம்பர் தேட, எல்லாவற்றுக்கும் இருக்கின்றன. "அதெல்லாம் சேதி சொல்லும்ட்டி. இவதான் வாசிப்பா" என்பாள் கோமதி.

அதற்கு முன்னால் அவள் கணவர்தான் வாசித்துக் காட்டுவார். தங்கமான மனிதர். ஆனால், நாவலில் காதல் கட்டம் வந்தால் இரண்டு பக்கம் தாண்டிவிடுவார். அவள் தம்பி கோபமாக எழுதிய மெசேஜ் வந்தால் அந்த வரியை விழுங்கிவிடுவார். பாசத்தில்தான் செய்வார். ஆனால் அடுத்தவர் வாய் வழியாக மட்டுமே உலகம் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? தனியாக வாசிப்பது, ஒரு வரிக்குத் தனியாகச் சிரிப்பது, பிடித்த பக்கத்துக்கு யாரிடமும் சொல்லாமல் திரும்பிப் போவது... கண்ணுள்ளவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

அந்தக் குரல் அவளுக்குத் தந்தது அதைத்தான். பிறகு ஒரு அப்டேட் வந்தது. குரல் போய்விட்டது. அதற்குப் பதில் மாதச் சந்தா கட்டினால் இன்டர்நெட் வழியாக வாசிக்கும் புதுக் குரல். அது 'கோழி'யைக் 'கோலி' என்றது. பஸ் ஊர் எல்லையைத் தாண்டினால் பாதி வாக்கியத்தில் நின்றது. கோமதி இயர்போனைப் பையில் போட்டாள். புத்தகம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அதனால்தான் ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்போடு அவள் வீட்டில் உட்கார்ந்தேன். சோர்ஸ் கோடை டவுன்லோட் செய்து, பழைய ஆப்பை அப்படியே உருவாக்கி, அவள் போனில் ஏற்றினேன். கணவர் டிவியை அணைத்துவிட்டு வந்து நின்றார். ஆப் திறந்தது. ஒரு நாவலை எடுத்து 'வாசி' பட்டனைத் தொட்டேன்.

கோமதி போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

திரையில் ஒவ்வொரு வார்த்தையாக மஞ்சள் வெளிச்சம் நகர்ந்தது. வாசித்துக்கொண்டுதான் இருந்தது. சத்தம்தான் இல்லை.

"கேக்குதாட்டி?" என்றேன்.

"இரு... வருவா" என்றாள்.

கோடைத் துருவிப் பார்த்தேன். கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு: குரல் கோப்புகள் இதில் சேர்க்கப்படவில்லை.

கோடைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று கம்பெனி வைத்திருக்கும் பொதுப் பக்கத்தில் போய்க் கேட்டேன். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒரு பதில். 'முடிந்தது' என்று குறித்துக் கேள்வியை மூடிவிட்டார்கள். விடவில்லை, மறுபடி கேட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், மலேசியாவிலிருந்து ஒருவர் — இருவரும் பார்வையற்றவர்கள் — 'எங்களுக்கும் அதே குரல் வேண்டும்' என்று வந்து சேர்ந்தார்கள். கம்பெனியின் எஞ்சினியர் ஒருவர் தனியாக எழுதினார்: "அக்கா, கோடைத் திறக்கச் சொல்லி நாங்க ரெண்டு பேர் உள்ளே சண்டையே போட்டோம். குரலையும் கேட்டோம். அது இப்போ வேற இடத்துல சம்பாதிக்குதுன்னு சொல்லிட்டாங்க."

வேறு இடம் எது என்று கோமதிதான் கண்டுபிடித்தாள்.

ஒரு நாள் ஸ்கூலிலிருந்தே போன். "ஏட்டி, அவ இங்கன இருக்கா! பேங்க்ல!"

ஏதோ சந்தேகம் கேட்க பேங்க் கஸ்டமர் கேருக்கு அடித்திருக்கிறாள். 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்றது... அவளேதான். அழுத்தினாளாம். அவ காத்திருக்கச் சொன்னாளாம். இவள் காத்திருந்தாளாம். பேங்க் ஆள் லைனில் வந்ததும் கோமதி கட் பண்ணிவிட்டு மறுபடி அடித்திருக்கிறாள்.

"எதுக்குட்டி கட் பண்ணுன?"

"அந்த ஆளு குரல வச்சு நான் என்ன செய்ய?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் வேலை ஓடவில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியான பெண் இப்போது எந்த ஊரில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கிறாளோ. தன் குரலைக் கேட்க ஒருத்தி பேங்குக்கு போன் போடுகிறாள் என்று அவளுக்கு யார் சொல்வது?

சரி, அந்தக் கம்பெனி நிஜமாகவே மாறிவிட்டதா, இல்லை வேஷமா? நானும் இதே தொழிலில் இருக்கிறேன். 'எதைத் திறக்கலாம்' என்று பேசும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். காசு கொண்டுவராததைத் திறப்பதற்கு எல்லோரும் சட்டென்று தலையாட்டுவார்கள். காசு கொண்டுவருவதைப் பற்றிப் பேச்செடுத்தால் வக்கீலைக் கூப்பிடுவார்கள். ஆனால் அதே கூட்டத்தில் நிஜமாகவே திறக்க ஆசைப்பட்டுச் சண்டை போடும் இரண்டு பேரும் இருப்பார்கள். ஒரு கம்பெனிக்கு ஒரே மனசு என்று யார் சொன்னது?

திறந்ததில் பலனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கோட் கிடைத்ததால்தான் யாழ்ப்பாணத்து நண்பர் அதில் தன்னார்வலர்கள் பதிவுசெய்த ஒரு ஆண்குரலைப் பொருத்தினார். சந்தா இல்லை, இன்டர்நெட் வேண்டாம். 'கோழி' கோழியாகவே வருகிறது. கோமதி மறுபடி பஸ்ஸில் நாவல் கேட்கிறாள்.

"எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"நல்ல பய. ஒரு வரி விடாம வாசிக்கான். ஆனா முற்றுப்புள்ளில நிக்கத் தெரியல... பஸ்ஸப் பிடிக்கப் போறவன் மாதிரி ஓடுதான்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒரே ஒரு புத்தகம்ட்டி. அவ வாசிச்சுக்கிட்டு இருந்தா. பாதியில போயிட்டா. அத மட்டும் இவன்கிட்ட குடுக்க மனசு வரல."

அந்தப் புத்தகம் அப்படியே கிடக்கிறது.

போன வாரம் அவளுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. விளம்பரப் பிரிவுப் பெண். பொதுப் பக்கத்தில் நடந்த பேச்சைப் பார்த்துவிட்டு, என் மூலமாக நம்பர் வாங்கியிருந்தாள். கோமதி ஸ்பீக்கரில் போட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மேடம், எங்க ஓப்பன் சோர்ஸ் பயணத்தைப் பத்தி ஒரு வீடியோ எடுக்கிறோம். உங்களை மாதிரி ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசினா நல்லா இருக்கும்."

கோமதி மரியாதையாகத்தான் சொன்னாள்.

"பேசுதேம்மா, அதுக்கென்ன. மொதல்ல அவளப் பேச விடுங்க."