பவளக்கொடியும் சீனி வருத்தமும்

கரவனெல்லவுக்கு மேலே, சரிவெல்லாம் ரப்பர் மரங்கள் அடைத்து நிற்கும் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பவளக்கொடியைத் தெரியாதவர்கள் கிடையாது. மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுவதில் அவள் கை அவ்வளவு சுத்தம். மனதில் பட்டதைக் கங்காணி முகத்துக்கு நேரேயே சொல்லிவிடுகிற வாயும் அவளுக்கு இருந்தது. அப்படிப்பட்டவளும் வாழ்க்கையில் ஒரு விஷயத்தை மூடி வைக்கப் பார்த்தாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மழைக்காலத்தில்தான் அது தொடங்கியது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சட்டை தோளில் தொளதொளத்தது. தோட்டத்து மருந்துக்காரர் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அங்கே இரத்தம் சோதித்துப் பார்த்துச் சீனி வருத்தம், நீரிழிவு என்று சொல்லி விழுங்கக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள்.

அவளுடைய புருஷன் கிருஷ்ணராஜ் அதைக் கேட்டதும் லயத்து வீட்டுக் கதவைச் சாத்தினான்.

"இங்க பாரு, இது வெளிய போகக்கூடாது. சுதர்ஷினிக்கு இடம் பார்த்துக்கிட்டு இருக்கோம். ஆத்தாளுக்குச் சீனின்னா மகளுக்கும் வரும்னு பேசுவாங்க. யாரு பொண்ணு கேட்டு வருவா?"

யார் சொல்லியும் வாயை மூடாதவள் மகள் பெயரைக் கேட்டதும் மூடிக்கொண்டாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோழிகள் நீட்டிய சீனித் தேத்தண்ணியை வயிறு சரியில்லை என்று தள்ளினாள். சாப்பாட்டைக் குறைத்தால் வருத்தமும் சீக்கிரம் ஓடிவிடும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். விடியக்காலையில் குளிசையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மலை ஏறினாள்.

ஒரு நாள் தன் பங்கு மரங்களில் பாதி வெட்டியிருந்தபோது கை நடுங்கியது. கத்தி பட்டையில் ஆழமாக இறங்கிவிட்டது. பனி விழும் காலையில் உடம்பெல்லாம் வியர்வை. மரத்தைப் பிடிக்கப் போனவள் அப்படியே சரிந்து விழுந்தாள். பக்கத்து நிரையில் வெட்டியவர்கள் ஓடி வந்தார்கள்.

"முனி அடிச்சிருச்சு! யாராச்சும் துன்னூறு எடுத்துட்டு வாங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

பவளக்கொடிக்கு எல்லாம் காதில் விழுந்தது. நாக்குத்தான் புரளவில்லை. நடுக்கம் வந்தால் இனிப்பு குடி என்று குளிசை கொடுத்தவர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. பலத்தையெல்லாம் திரட்டி, "முனியும் இல்ல ஒண்ணும் இல்ல... சீனி... இனிப்பா ஏதாச்சும் குடுங்க" என்றாள்.

ராமச்சந்திரன் கங்காணி தன் பிளாஸ்கைத் திறந்து பாணிபோல இனித்த தேத்தண்ணியை அவள் வாயருகே பிடித்தார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. நடுக்கம் நின்றது. எழுந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் முகங்கள்.

"என்னம்மா பவளம், என்ன வருத்தம்?" என்றார் கங்காணி.

பொய் ஒன்று வாய்வரை வந்தது. அதைச் சொல்ல அவளுக்கே அலுப்பாக இருந்தது.

"எனக்குச் சீனி வருத்தம் கங்காணி. பொண்ணுக்கு மாப்பிள்ளை கெடைக்காதுன்னு ஒளிச்சு வச்சிருந்தேன். ஒளிச்சு வச்சிச் செத்துப்போனா மாப்பிள்ளை கெடைச்சு என்ன புண்ணியம்? போய் எல்லாருக்கும் சொல்லிக்கங்க."

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அவளைச் சிங்களத்தில் ஒரு பிடி பிடித்தாள். "கன்னே நெத்துவ பேத் பொன்ன எபா!" சாப்பிடாமல் மருந்து குடிக்கவே கூடாதாம், இரத்தத்தில் சீனி ஒரேயடியாக இறங்கிவிடுமாம். பட்டினி மருந்தல்ல, அளவாக நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் மருந்து, மலைக்குப் போனாலும் இடையில் ஏதாவது சாப்பிடு, இனிப்பு ஒன்றைக் கையோடு வைத்துக்கொள் என்று மிஸ்ஸி சொல்லச் சொல்ல, பவளக்கொடி சிங்களத்திலேயே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள். நீரிழிவுக்காரி என்ற வெட்கம் போய்விட்டதால் கேள்வி கேட்பது சுலபமாக இருந்தது.

மறுநாள் பெரட்டில் கங்காணியிடம் போனாள். "பாதி மரம் வெட்டினதும் நான் ஒக்காந்து சாப்பிடுவேன்."

"எல்லா மரமும் வெட்டி முடிச்சுத்தான் சாப்பாடு. வெயில் ஏறினாப் பால் எறங்காதும்மா."

"ஒரு துண்டு ரொட்டி திங்கிற நேரத்துல வெயில் ஏறாது. எடை போடுறப்ப என் பால் கொறஞ்சிருந்தா அப்பக் கேளுங்க."

கங்காணி தலையைச் சொறிந்தார். அவர் கேட்கவேண்டிய நாள் வரவேயில்லை.

வீட்டில்தான் சண்டை பெரிதாக நடந்தது. கோதுமை மா ரொட்டி காலையிலும் இரவிலும், நடுவே குவித்த சோறு என்றிருந்த வீடு. சந்தியில் கடை வைத்திருந்த மக்கீன் நானாவிடம் குரக்கன் என்கிற கேழ்வரகு மா வாங்கி வந்து கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி பிசைந்தாள். சோற்றைக் குறைத்து, லயத்துக்குப் பின்னால் முளைத்துக் கிடந்த வல்லாரையைத் தேங்காய்ப்பூவோடு சுண்டி அந்த இடத்தை நிரப்பினாள். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை.

"ரொட்டி கறுப்பா இருக்கே. நான் என்ன நோயாளியா?" என்றான் கிருஷ்ணராஜ்.

"எனக்கு ஒரு சட்டி, ஒங்களுக்கு ஒரு சட்டின்னு ஆக்க நான் ஓட்டலா நடத்துறேன்? சம்பல் காரமா இருக்கு, தொட்டுத் தின்னு பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே தின்றான். பிறகு முணுமுணுப்பு நின்றது, தின்பது நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு யட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து சுதர்ஷினியைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை சதீஸ், லொறி ஓட்டுகிறவன். அவன் தாய் அங்கம்மா கனமான பெண்மணி, கதிரையில் உட்கார்ந்தால் எழும்ப மனம் வராதவள். லட்டும் தேத்தண்ணியும் வந்தன. "நீங்களும் எடுங்க அக்கா" என்று அங்கம்மா தட்டை நீட்டினாள். கிருஷ்ணராஜ் மனைவியைப் பார்த்து, எடுத்துக்கொள் என்று மெல்லக் கண்ணைக் காட்டினான்.

பவளக்கொடி அதைக் கண்டுகொள்ளவில்லை. "எனக்குச் சீனி வருத்தம் இருக்குங்க. குளிசை போடுறேன், வேலைக்குப் போறேன், நல்லா இருக்கேன். என் பொண்ணுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. நாளைக்கு வந்தாலும் என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சு கட்டுறதா இருந்தாக் கட்டுங்க."

அங்கம்மா லட்டைத் தட்டில் வைத்தாள். யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். கிருஷ்ணராஜ் இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை. சுதர்ஷினிதான், "நீங்க சொன்னது சரிம்மா" என்று தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பவளக்கொடிக்கு உள்ளுக்குள் பதைப்பு இல்லாமல் இல்லை. ஆனால் சொன்னதற்காக வருந்தவில்லை.

மாதம் ஒன்று போயிருக்கும். ஞாயிறு மத்தியானம் அங்கம்மா தனியாக வந்து வாசலில் நின்றாள். ஒரு காலில் மட்டும் செருப்பு, மற்றக் காலில் துணிக் கட்டு.

"அக்கா, ஆணி குத்தின புண்ணு. எத்தனை நாளாச்சு, ஆறவே மாட்டேங்குது. தாகமும் தாங்க முடியல. அன்னைக்கு நீங்க சொன்னதுலேர்ந்து எனக்கு யோசனையா இருக்கு. வீட்டுல சொல்லப் பயமா இருக்கு. அந்தக் கிளினிக் என்னைக்கு?"

பவளக்கொடி கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். கிளினிக் நாள்வரை காத்திருக்கிற புண் இல்லை அது. சேலையை மாற்றிக்கொண்டு, அங்கம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். அங்கே சோதித்து, அங்கம்மாவுக்கும் சீனி வருத்தம்தான் என்று வார்ட்டில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். ஒரு சின்ன விரல் போனது, கால் தப்பியது. இன்னும் சுணங்கியிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டொக்டர்.

ஆஸ்பத்திரிக்குக் கறுப்பு ரொட்டி கட்டிக்கொண்டு வந்த பவளக்கொடியைச் சதீஸ் "அத்தை" என்று கூப்பிட்டான். கல்யாணப் பேச்சை மறுபடி எடுக்க வேறு யாரும் தேவைப்படவில்லை.

கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் கொண்டு வந்தவனை ஒரே குரலில் விரட்டினார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேர்கோட்டில் போனது என்று சொல்ல முடியாது. ஒரு தீபாவளிக்கு அதிரசத்தில் கைவைத்து, சீனி ஏறி, மிஸ்ஸியிடம் பவளக்கொடி வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு குளிசையையும் கூட்டினார்கள். ஆனாலும் இரண்டாயிரத்து ஒன்பதில், தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்றுவரை அவள் தன் மரங்களைத் தானே வெட்டினாள். கண் பரிசோதித்த டொக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்றார்.

அந்த வருடத்துக்குள் கீழ்ப்பிரிவில் யாருக்காவது தலை சுற்றினால், துன்னூறு தேடும் முன்னால் பவளக்கொடி வீட்டுக்கு ஆள் வருவது வழக்கமாகிவிட்டது. கிளினிக் நாளில் அவளோடு பஸ் ஏறுகிறவர்கள் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். பின் இருக்கையில் அங்கம்மாவும் அவளும் குரக்கன் பிட்டுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ போடலாம் என்று சண்டை போட்டுக்கொண்டே போவார்கள். கொண்டக்டர் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டான்.