ஒரே தாயின் குளவிகள்

வாலில் முட்டையிடும் ஊசி இருந்தால் பெண். லென்ஸுக்குக் கீழே குளவிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாற்பத்தொன்றில் மூன்றுக்குத்தான் ஊசி இருந்தது. பெண்கள் இல்லாவிட்டால் என் முதுகலை ஆய்வே இல்லை. முட்டைக்கோஸ் புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்வது அவைதான்.

ஜோடி சேரவில்லையோ என்று முதலில் நினைத்தேன். இந்தக் குளவிகளில் ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அதிலிருந்து அப்பன் இல்லாத ஆண் மட்டும்தான் வரும். கூண்டைச் சன்னலோரம் நகர்த்தினேன். தேன் தடவினேன். மணிக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஜோடி நன்றாகவே சேர்ந்தன. ஆண்களே பிறந்தன.

யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் மற்றவர்கள் கூட்டமாகச் சாப்பிடப் போகும்போது, சீனியர் அக்கா ஒருவர் மட்டும் "வரியா தம்பி?" என்பார். "வேலை இருக்குக்கா" என்பேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறந்தால் ஒன்றும் தெரியாதவன் என்று தெரிந்துவிடும் என்ற பயம்.

இரண்டு வாரம் இப்படியே தள்ளிவிட்டு, மூன்றாவது வாரம் அக்காவிடமே போய் நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன தாய்லேருந்து ஆரம்பிச்ச?"

"ஒன்னுக்கா. கெப்பாலா பத்தாஸ்ல ஒரு கோஸ் தோட்டத்துல புடிச்சது. வேற எதுவும் கலந்துடக் கூடாதுன்னு..."

"ஐயோ! நீ குளவி வளக்கல தம்பி, ஒரே குடும்பத்த பூட்டி வெச்சிருக்க லா!"

டிஷ்யூ தாளில் வரைந்து காட்டினார். ஆணோடு சேர்ந்த பெண்ணின் முட்டைக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகள் வரும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் பெண். ஒரே மாதிரி இருந்தால், தகப்பன் இருந்தும் ஆண்தான். அந்த ஆணால் வம்சம் தழைக்காது. அண்ணனும் தங்கையுமே சேர்ந்துகொண்டிருந்த என் கூண்டில் வேறு வேறு பிரதிகளுக்கு எங்கே போவது? 'சுத்தமான வம்சம்' என்று லேபிள் வேறு ஒட்டியிருந்தேன்.

"மொத்தத்தையும் பிரீசர்ல வெச்சுக் கொன்னுடு. என் கூண்டுலேருந்து பன்னெண்டு பொண்ணு தரேன். பன்னெண்டும் வேற வேற தாய்."

ஏழு மாத வேலை. கூண்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் எங்கள் ஊர் சுங்கை பாக்காப்பிலிருந்து அம்மா அழைத்தார்.

"ஒன் பூச்சிங்க எப்படிப்பா இருக்கு?"

"போச்சும்மா. எல்லாம் ஆம்பளயாவே பொறந்துடுச்சு."

"ஆம்பளப் புள்ளன்னா நல்லதுதானே? அதுக்கு ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

டிஷ்யூ தாள் என் கையில்தான் இருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஒன்னுமில்லம்மா," என்றேன். "நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கணும்."